அறுபது கிலோவுக்குள்ளே

இல்லீங்க, எம் மகன் இல்லைங்க. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. உள்ள இருக்கற நர்ஸம்மாகூட ஆறு மாசம் என்னை அவங்கப்பான்னுதான் நெனச்சுட்டு இருந்துச்சு. பாரத்துல உறவுன்னு ஒரு கட்டம் வருமில்லீங்க, அதுல மாமான்னு எழுதியிருக்கறேன். அவன் என்னை மாமான்னுதான் கூப்பிடுவான். மத்தபடி பங்காளியும் இல்ல, சம்பந்தமும் இல்ல, ஒரே ஊரு, அவ்வளவுதான்.

நீங்க இன்னைக்குத்தான் மொத நாளுங்களா? சம்சாரத்துக்கா? பயப்படாதீங்க. டயாலிசிஸ்னா மொத நாலு தடவதான் தெகைப்பா இருக்கும், அப்பறம் பழகிரும். உள்ள போனா வெளிய வர நாலு மணி நேரம். கேண்டீன்ல இட்லி வாங்காதீங்க, புளிச்சுக் கெடக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா தள்ளுவண்டி போட்டிருக்குது, அங்க சாப்பிடுங்க. அடுத்த தடவ வரும்போது ஒரு போர்வை கொண்டு வந்திருங்க, உள்ள ஏசி எலும்பைக் கொடையும். நான் ஒண்ணரை வருசமா வர்றேன். செவ்வாயும் வெள்ளியும். காங்கயத்துக்குப் பக்கத்துலருந்து என் கார்லயே கூட்டிட்டு வந்து, கூட்டிட்டுப் போறேன்.

ஊருல என்னைப் பத்திப் பெருமையாத்தான் பேசுவாங்க. போன மாசம் கோயில் கமிட்டியில கூப்பிட்டு சால்வை போத்துனாங்க. சொந்த பந்தம் இல்லாத பையனுக்கு இப்படிச் செய்யறாரேன்னு மைக்குல பேசுனாங்க. வேண்டாமுங்கன்னு சொன்னேன், விடல. போத்திக்கிட்டேன். அந்தச் சால்வை கார் டிக்கியிலயேதான் கெடக்குது, ஊட்டுக்குள்ள எடுத்துட்டுப் போகல.

நீங்க பொள்ளாச்சின்னு சொன்னீங்கள்ல? எங்க ஊர்ப்பக்கம் சோலி எதுவும் இல்லையே? அப்பச் சரி. சித்தெ தள்ளி உக்காருங்க, காத்து இப்படித்தான் வருது.

எனக்கு அவன் என்ன வேணும்னா, நான் அவன்மேல மொதலு போட்டவனுங்க. நெலத்துல போடறோம், நகையில போடறோம், சீட்டுல போடறோமில்ல, அதுமாதிரி ஆட்டத்துல போட்டோம். போன்ல பந்துக்குப் பந்து பணம் கட்டி ஊடு வாசலத் தொலைக்கறானுகளே, அந்தக் கூட்டம்னு நெனச்சுராதீங்க. அவனுகளைக் கண்டாலே எனக்கு ஆவாது. நாங்க தொழிலாச் செஞ்சோம். நானும் ராக்கியப்பனும். ராக்கியப்பன் பைனான்ஸ் வெச்சிருக்கறான், எட்டாவது வரைக்கும் என்கூடப் படிச்சவன். எனக்குத் தீவனக் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவுடு, கலப்புத் தீவனம். நாச்சிமுத்து கடைன்னா எங்க சுத்துப்பட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. முப்பது வருசக் கடைங்க.

ராக்கியப்பன் ஒரு நாள் கடைக்கு வந்து மூட்டைமேல உக்காந்துட்டு ஆரம்பிச்சான். நெலத்துல போட்டாப் பத்து வருசம் காத்திருக்கோணும், வட்டிக்கு உட்டா வாங்குனவன் ஊரை உட்டே போயிருவான், கபடியில போட்டா ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை தெரிஞ்சுபோவும்னான். எங்க பக்கம் தை மாசம் பொறந்துட்டா வைகாசி வரைக்கும் வாராவாரம் எங்கியாச்சும் ஒரு ஊர்ல டோர்னமெண்ட் இருக்குமுங்க. பரிசு முன்ன மாதிரி எவர்சில்வர் கொடம் இல்ல, ரொக்கம். பசங்களுக்கு பனியன், வேன், முட்டை, கறி எல்லாம் நாங்க பாத்துக்கறது. ஜெயிச்சா அவனுகளுக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. இதுல என்னங்க தப்பு? பசங்க கெட்ட சகவாசம் இல்லாம பொழுதோட மைதானத்துல கெடப்பானுக, ஊருக்கும் பேரு. நான் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். இப்பவும் அது தப்புன்னு எனக்குத் தோணல. தப்பு வேற எடத்துல.

டீமுல பத்துப் பேரு இருந்தாலும் எங்க மொதலு ஒருத்தன் மேலதான். தரணி. தரணிதரன். இருவத்து மூணு வயசு அப்ப. ரைடுக்குப் போனான்னா எதுத்த பக்கம் ஏழு பேரும் பின்னால பின்னாலதான் போவானுக. பாடிக்கிட்டே ஒரு சிரிப்புச் சிரிப்பான் பாருங்க. அந்தச் சிரிப்பைப் பாக்கவே பக்கத்து ஊர்லருந்து பைக்குல வருவாங்க.

இதுல ஒரு விசயம் நீங்க தெரிஞ்சுக்கோணும். எங்க பக்கம் கபடிய எடை பாத்துத்தான் நடத்துவாங்க. அம்பத்தஞ்சு கிலோ, அறுபது கிலோ, அறுபத்தஞ்சு கிலோன்னு பிரிச்சிருப்பாங்க. காத்தால மைதானத்துல ஒரு எடை மிஷினப் போட்டு, பசங்கள டவுசரோட ஏத்தி நிறுத்துவாங்க. அறுபது கிலோ ஆட்டம்னா, அறுபதுக்கு மேல நூறு கிராம் இருந்தாலும் எறங்கிப் போயிரோணும். தரணிக்கு ஒடம்பு எப்பவும் அறுபத்தொண்ணுல நிக்கும். அவனை அறுபத்தஞ்சுல எறக்குனா அங்க இருக்கறவனெல்லாம் கடா மாதிரி இருப்பான், இவன் பத்தோட பதினொண்ணு. அறுபதுல எறக்குனா இவனைத் தொட ஆளில்ல. அதனால வெள்ளிக்கெழமை ராச்சோத்த உட்டுருவான், சனிக்கெழமை சேர்த்து நாலு ரவுண்டு ஓடுவான், ஞாயித்துக்கெழமை காத்தால கரெக்டா அறுபதுல வந்து நிப்பான். ஒரு கிலோ எறக்கறது அவனுக்கு வெளையாட்டு. நம்ம லாபம் பூராவும் அந்த ஒரு கிலோவுலதான்டா இருக்குதுன்னு ராக்கியப்பன் சொல்லுவான்.

சோத்தைக் கொறைச்சுப் போடுன்னு நான் அவங்கம்மாவுக்கே சொல்லியிருக்கறேனுங்க. மயிலாத்தான்னு பேரு. புருசன் இல்ல. பனியன் கம்பெனிக்குப் போகுது, ஊட்டுல ரெண்டு மாடு நிக்குது, தீவனம் நம்ம கடையிலதான். ஏனுங்ணா, வயசுப் பையன் தட்டுல கைய வெச்சுட்டு மூஞ்சியப் பாக்கறானுங்க, எப்படிங்ணா கொறைச்சுப் போடறதுன்னு கேக்கும். ஆட்டக்காரன் ஒடம்பு ஊட்டுக்குச் சொந்தமில்ல அம்மிணின்னு நான் சொல்லுவேன். அதுவும் சிரிச்சுக்கும்.

இனிச் சொல்லப்போறதை நான் ராக்கியப்பன்கிட்டயும் சொன்னதில்ல, என் சம்சாரத்துக்கிட்டயும் சொன்னதில்லைங்க. சித்தெ இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

எங்க கடை எடை மிஷினு அறுபது கிலோவுக்கு ரெண்டு கிலோ கூட்டிக் காட்டும். அதுவாக் கெட்டுப்போனது இல்ல, நானா வெச்சது. பத்து வருசத்துக்கு முன்னால புண்ணாக்கு வெல ஏறி, கடையே முழுகிப்போற மாதிரி ஆயிருச்சு. ஈரோட்டுலருந்து ஒரு மெக்கானிக்கு வந்தான். எல்லாரும் பண்ணறதுதாங்கன்னான், அரை மணி நேரத்துல பண்ணிக் குடுத்துட்டுப் போயிட்டான். ஒரு வருசம் இருக்கட்டும், அப்பறம் சரி பண்ணிக்கலாம்னுதான் நெனச்சேன். வெல எறங்குச்சு, மிஷின எறக்கல. மாடு என்ன வந்து கேக்கவா போகுது? தீவனத்துல ரெண்டு கிலோ கொறைஞ்சாப் பால் நின்னுபோகுமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்குவேன். மயிலாத்தா ஒருத்திதான் ஒருக்காக் கேட்டுச்சு, ஏனுங்ணா, மாசத்துக்கு ஒரு நாள் தீவனம் பத்தாம வருதேன்னு. ரெண்டு கையிலயும் அள்ளி வெக்கிறியாட்டருக்குது, டப்பாவுல அளந்து வையின்னு சொல்லி அனுப்புனேன். மறுநாளே டப்பா வாங்கிருச்சு.

மத்தவங்க யாருக்கும் ஒரு சந்தேகமும் வரல. நாச்சிமுத்து மிஷினு சொன்னாச் சொன்னதுதான்னு பேரு. ஆடு குட்டி வித்தாக்கூட, உருப்படியை எம் மிஷின்ல ஏத்திப் பாத்துட்டுப் போறவங்க உண்டு.

போன வருசம் பங்குனியில ராக்கியப்பனுக்கு டீமு மட்டும் பத்தல. டீமுல போட்டா ஜெயிச்சாத்தான் காசு, டோர்னமெண்டையே நாம எடுத்துட்டா எவன் ஜெயிச்சாலும் காசுன்னான். நொழைவுக் கட்டணம், காலரி டிக்கெட்டு, கடை ஏலம், வண்டி ஸ்டாண்டுன்னு வெரலை மடக்கி மடக்கிச் சொன்னான். கேக்கக் கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. எங்க ஊர்லயே அறுபது கிலோ ஆட்டம்னு நோட்டீஸ் அடிச்சோம். பேனர்ல பெருசா தரணி படம். எங்க ஊர்ல டிக்கெட்டு வாங்கறவன் அவனுக்கோசரந்தானுங்க வாங்குவான். அவன் எறங்காட்டி காலரியில காக்காதான் உக்காரும்.

ஆட்டத்துக்கு மூணு நாள் இருக்கறப்ப, வாடகைக்குச் சொல்லியிருந்த மிஷினு பழுதாயிருச்சுன்னு தகவல் வந்துச்சு. கமிட்டியில பதினஞ்சு பேரு உக்காந்திருக்கறோம். ஒருத்தர் எந்திரிச்சு, நம்ம நாச்சிமுத்து கடை மிஷினு இருக்கறப்ப வெளியில எதுக்குத் தேடறோம்னாரு. எல்லாரும் ஆமாமான்னு தலையாட்டுனாங்க. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. மிஷினு சரியில்லைன்னு சொன்னா, எத்தன நாளாச் சரியில்லைன்னு கேப்பாங்க. அந்தப் பதினஞ்சு பேர்ல பன்னெண்டு பேரு எங்கிட்டத் தீவனம் வாங்கறவங்க.

சரின்னுட்டேன்.

ஊட்டுக்குப் போறவரைக்கும் எனக்கு நானே நாயம் பேசிக்கிட்டே போனேன். எல்லா டீமுக்கும் ஒரே மிஷின்தானே? ரெண்டு கிலோன்னா எல்லாருக்கும் ரெண்டு கிலோதானே, இதுல யாருக்கு என்ன நட்டம்னு. இன்னொண்ணும் தோணுச்சுங்க, மறைக்கல. வெளியூர் டீமுல நல்லா ஆடற பசங்கெல்லாம் அறுபதுக்குத் தொட்டும் தொடாம வருவானுக. இந்த மிஷின்ல ஏறுனா பாதிப் பேரு எறங்கிப் போயிருவானுக. நமக்கு ஆட்டம் லேசாயிரும். வாசப்படியேறும்போது எனக்கு மனசு சமாதானமாயிருச்சு.

வெள்ளிக்கெழமை சாயங்காலம் தரணி கடைக்கு வந்தான். எடை பாத்துக்கறேனுங்க மாமான்னு சட்டையக் கழட்டிட்டு ஏறுனான். அறுபத்து மூணு காட்டுச்சு. எறங்கி மறுபடியும் ஏறுனான். மறுபடியும் அறுபத்து மூணு. அவன் மூஞ்சி செத்துப்போச்சு. போன ஞாயித்துக்கெழமை மூலனூர்ல அறுபதுல நின்னேனுங்களே மாமா, எப்படி இவ்வளவு ஏறுச்சுன்னான். அப்பறம் அவனே தலையக் குனிஞ்சுக்கிட்டு, பொதன்கெழமை பெரியம்மா ஊட்டுக் காதுகுத்துல மூணு தடவ கறி வாங்கித் தின்னுட்டேனுங்கன்னான். திருடுன பையன் மாதிரி நின்னானுங்க.

கடையில வேற ஆளே இல்ல. அவனும் நானுந்தான். ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுங்களா?

“நாக்க அடக்கத் தெரியாதவனெல்லாம் எதுக்குடா ஆட்டத்துக்கு வர்றே?”

இதைத்தான் சொன்னேன். அவன் சட்டைய மாட்டிக்கிட்டான். எறக்கிருவேனுங்க மாமான்னான்.

அப்பறம் நடந்ததுல என் கை படாதது ஒண்ணும் இல்லீங்க. கடைக்குப் பின்னால எனக்கு ஒரு குடோன் இருக்குது, தகரம் போட்டது. பங்குனி வெயில்ல மத்தியானம் உள்ள நின்னா மூச்சடைக்கும். சாவியக் குடுத்தேன். மூட்டை மூடற பிளாஸ்டிக் தாள ஒடம்பெல்லாம் சுத்திக்கிட்டு, அதுக்கு மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, சனிக்கெழமை பூராவும் அந்தக் குடோனுக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓடுனான். தண்ணி ஒரு சொட்டு குடிக்கல. எச்சியக்கூட முழுங்காம துப்பிக்கிட்டு இருந்தான். மத்தியானம் பாத்தா ஒரு கிலோவுக்கு மேல எறங்கல. ஒண்ணுக்குப் போற மாத்திரை இருக்குதுங்களே, பிரஷர்க்காரங்க போடறது, அதை நாந்தான் மெடிக்கல்ல வாங்கியாந்தேன். மெடிக்கல்காரன் உங்களுக்கான்னு கேட்டான், ஆமான்னேன். மயிலாத்தா ஒரு சொம்புல மோர் கொண்டுட்டு வந்து குடோன் வாசல்ல நின்னுச்சு. ஒரு வாய் குடிச்சுக்கட்டுமுங்ணான்னு கேட்டுச்சு. நாளைக்கு ஆட்டம் முடிஞ்சு பானையோட குடுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். அது மோரை என் கடை வாசல்ல இருந்த வேப்பமரத்துக்கு ஊத்திட்டுப் போச்சு.

ஞாயித்துக்கெழமை காத்தால மைதானத்துல மிஷினு வந்து எறங்குச்சு. நான் நெனச்சபடியேதான் ஆச்சு. வெளியூர்ப் பசங்க ஒவ்வொருத்தனா ஏறுனான், ஒவ்வொருத்தனா எறங்குனான். தாராபுரத்துப் பையன் ஒருத்தன், இந்த மிஷினு தப்புங்க, நேத்து நான் அம்பத்தொம்பதரைன்னு சண்டைக்கே வந்துட்டான். அவனுக்கு யாரு பதில் சொன்னதுன்னு நெனக்கறீங்க? தரணிதான். ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குது, பேச்சு வரல, இருந்தாலும் முன்னால வந்து நிக்கறான்.

“எங்க மாமா மிஷினத் தப்பு சொல்லாத. நானும் இதுலதான் எறக்கிட்டு வந்திருக்கறேன்.”

அப்பறம் அவன் ஏறுனான். அம்பத்தொம்பது தொள்ளாயிரம். கூட்டமே விசில் அடிச்சுது. எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சுங்க. அந்த நேரத்துல எனக்கு ஒரு குத்தமும் தெரியல. அவன் ஜெயிச்சுட்டான், நானும் தப்பிச்சுட்டேன்னுதான் இருந்துச்சு.

அன்னைக்கு நாலு ஆட்டம். மூணு ஜெயிச்சாச்சு. பைனல்ல பாதி ஆட்டத்துல தரணி வந்து உக்காந்தவன் எந்திரிக்கல. தொடையெல்லாம் முறுக்கிக்கிச்சு. ஒண்ணுக்குப் போயிட்டு வந்து என் காதுல சொன்னான், டீ டிகாசனாட்டம் போகுதுங்க மாமான்னு. சூடுடான்னேன். ராக்கியப்பன் ஒரு கம்பவுண்டரைக் கூட்டிட்டு வந்து வலிக்கு ஊசி போடலாமான்னு என்னைக் கேட்டான். காலரியில நிக்க எடமில்ல, ஊரே அவன் பேரைச் சொல்லிக் கத்துது. போடுன்னேன். ஊசி போட்டு எறக்குனோம். நாலு ரைடு போனான். அஞ்சாவது ரைடுல நடுக்கோட்டுக்கு ஒரு அடி இருக்கறப்ப அப்படியே உக்காந்து படுத்துட்டான். தோத்துட்டோம்.

ஒடம்புல தண்ணி வத்தி, சதை கரைஞ்சு போய் ரெண்டு கிட்னியையும் அடைச்சுக்கிச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கு மேல அந்த மாத்திரை, அந்த ஊசி. ஒரு மாசத்துல திரும்பிரும்னு பாத்தாங்க, திரும்பல. ரெண்டு நாள்ல எவ்வளவுப்பா எறக்குனேன்னு டாக்டர் கேட்டாரு. மூணு கிலோவுங்கன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன். அந்த மூணுல ஒண்ணுதான் ஆட்டத்துக்கு எறக்குனது. மீதி ரெண்டும் என் கடைப் பேருக்கு எறக்குனது.

இதுல இன்னொரு கூத்துங்க. ஆட்டம் தோத்துச்சே தவிர டோர்னமெண்ட் தோக்கல. நல்ல லாபம். ராக்கியப்பன் மறுவாரமே பிரிச்சுக் குடுத்துட்டான். ஆனா தரணிகிட்ட மட்டும், உன்னால எங்க மொதலெல்லாம் போச்சுடான்னு சொல்லி வெச்சிருக்கறான். பங்கு கேப்பான்னு அப்படிச் சொன்னான். நானும் இல்லைன்னு சொல்லல. அதனால இன்னைக்கு வரைக்கும் இந்தப் பையன், ஒவ்வொரு தடவ கார்ல ஏறும்போதும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறான். உங்க காசையும் தொலைச்சுட்டு, உங்க பெட்ரோலையும் தொலைக்கறேனுங்க மாமாங்கறான். ஒரு வாய்க் கறிக்கு ஆசப்பட்டு எல்லாத்தையும் கெடுத்துட்டேனுங்கறான். நான் ரோட்டைப் பாத்து ஓட்டிக்கிட்டே இருப்பேன். எத்தன தடவ இருக்கும்னு நெனக்கறீங்க. ஒண்ணரை வருசம், வாரத்துக்கு ரெண்டு.

இப்ப அவன் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான் குடிக்கலாம். உங்க சம்சாரத்துக்கும் சொல்லியிருப்பாங்களே. உள்ள போறதுக்கு முன்னால ஒருக்கா எடை பாப்பாங்க, முடிஞ்ச பொறவு ஒருக்கா. அவன் ஏறுற நேரத்துக்கு நான் டோக்கன் போடற பக்கம் போயிருவேன்.

மிஷினச் சரி பண்ணிட்டீங்களான்னுதானே கேக்க வந்தீங்க? பண்ணிட்டேனுங்க. அவன் ஆஸ்பத்திரியில சேந்த பத்தாம் நாளே மெக்கானிக்க வரச் சொல்லிச் சரி பண்ணிட்டேன். யாருக்கும் தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு மயிலாத்தா வெசனத்தோட கடைக்கு வந்துச்சு. ஏனுங்ணா, இப்பெல்லாம் தீவனம் மிஞ்சிப்போகுது, மாடு சரியாத் திங்கறதில்லையாட்டருக்குது, ஏதாச்சும் சீக்கா இருக்குமான்னு கேக்குது. மாட்டு டாக்டரைக் கூட்டிட்டு வந்து ஊசி வேற போட்டிருக்குதுங்க. நான் என்னத்தச் சொல்லட்டும்? அன்னைக்குக் கல்லாவுல உக்காந்துட்டு அழுதேன். எம் பேரன் எதுக்கு அழுகறீங்கன்னு கேட்டான், மொளகாத்தூள் நெடின்னேன். எங்க கடையில மொளகாத்தூளே விக்கறதில்ல.

இத்தனையும் நான் மனசுலயே வெச்சுக்கிட்டு, வண்டி ஓட்டிக்கிட்டே காலத்தைத் தள்ளியிருப்பேனுங்க. ஓட்டறதுக்கு எனக்கு அலுப்பில்ல. ஆனா இப்ப ஒண்ணு வந்திருச்சு.

மயிலாத்தா கிட்னி அவனுக்குச் சேருதுன்னு போன மாசம் சொல்லிட்டாங்க. எல்லாச் சோதனையும் முடிஞ்சாச்சு. கவர்மெண்ட் காப்பீட்டுல ஆபரேசன் பண்ணலாம். பண்ணிட்டா இவன் இப்படி வந்து படுக்க வேண்டியதில்ல, கல்யாணம்கூடக் கட்டிக்கலாம்னு டாக்டரே சொல்றாரு. இவன் முடியாதுங்கறான். ஏன்டான்னா, நான் நாக்கை அடக்காம தின்னு கெட்டதுக்கு எங்கம்மா எதுக்கு ஒடம்ப அறுத்துக் குடுக்கோணுங்கறான். விதியில வந்த சீக்கா இருந்தா வாங்கிக்குவேன், இது நானாத் தேடிக்கிட்டது, நானே அனுபவிச்சுக்கறேங்கறான். டாக்டர் சொல்லிப் பாத்தாச்சு, கவுன்சிலிங்னு ஒரு அம்மா பேசிப் பாத்தாச்சு. அசையமாட்டங்கறான். டயாலிசிஸ் முன்ன மாதிரி ஒடம்புக்கு ஒத்துக்கலீங்க இப்ப. போன வாரம் பாதியில பிரஷர் எறங்கி, எல்லாரும் ஓடுனாங்க. இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு.

நாக்கை அடக்கலைங்கறது அவன் வார்த்தை இல்லைங்க. என் வார்த்தை. நான் கடையில வெச்சுச் சொன்னதை அப்படியே எடுத்து வெச்சுக்கிட்டான்.

இன்னைக்குக் காத்தால கெளம்பறப்ப மயிலாத்தா கார்க் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஏனுங்ணா, நீங்க சொன்னாத்தான் கேப்பான், அவனுக்குச் சாமி மாதிரி நீங்க, எப்படியாச்சும் எங்கிட்ட வாங்கிக்கச் சொல்லுங்கன்னுச்சு. சொல்றேன்னேன். ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டுனேன். அவன் ரேடியோவுல பாட்டுக் கேட்டுக்கிட்டு வந்தான். பல்லடம் தாண்டறப்ப வாயத் தொறந்தேன், டீ குடிக்கலாமாடான்னு கேட்டேன். அவன் குடிக்கக் கூடாதில்லீங்க, நீங்க குடிங்க மாமான்னான். வண்டிய நிறுத்தாம வந்துட்டேன்.

உங்ககிட்ட ஒரு ஒதவி கேக்கலாமுங்களா?

தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னும் சித்தெ நேரத்துல அவன் வருவான். நீங்க பேச்சுவாக்குல அவங்கிட்டச் சொல்லிருங்க. இந்த மாதிரி டோர்னமெண்டுல போடற மிஷினெல்லாம் ரெண்டு கிலோ முன்னப்பின்ன காட்டும், எங்க ஊர்லயும் ஒரு பையனுக்கு இப்படித்தான் ஆச்சு, உம்மேல தப்பு இருக்காது தம்பின்னு. அவ்வளவுதான். எம் பேரு வேண்டாம். கடைப் பேரும் வேண்டாம். வெளியாளு சொன்னா அவன் யோசிப்பான். அவன் அம்மாகிட்ட வாங்கிக்கிட்டான்னாப் போதும். நான் செய்யறதை நிறுத்திர மாட்டேன், ஆபரேசனுக்கு அப்பறமும் கூட்டிட்டு வருவேன், மருந்து வாங்கித் தருவேன்.

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க?

...

ஆமாங்க. நம்பமாட்டான். எம் மிஷின யாராச்சும் தப்புன்னா சண்டைக்குப் போறவன். நீங்க சொல்றது சரிதான். அவன் உங்ககிட்டயும் சண்டைக்குத்தான் வருவான்.

நீங்க சொன்னதுலயே தெரியுது, உங்களுக்கு எம்மேல கோவம்னு. இருக்கட்டும். ஒண்ணரை வருசத்துல எம்மேல கோவப்பட்ட மொத ஆளு நீங்கதான். எனக்கு இது வேண்டியிருந்துச்சோ என்னமோ. ஊர்ல தெரிஞ்சா கடை போயிரும். மயிலாத்தா மூஞ்சில நான் முழிக்க முடியாது. போட்ட சால்வைய அவங்களே வந்து திருப்பி வாங்கிக்குவாங்க. இதெல்லாந்தான் நான் படுத்துக்கிட்டு எண்ணிக்கிட்டு இருந்தது. அவன் சாகறதை மட்டும் கடைசியில வெச்சு எண்ணியிருக்கறேன் பாருங்க.

கதவைத் தொறந்துட்டாங்க. அந்த நீலச் சட்டை, கையில பஞ்சு ஒட்டியிருக்குது, அதான் அவன். மெலிஞ்சு போயிட்டான், நீங்க அப்பப் பாத்திருக்கோணும். சிரிக்கறான் பாருங்க என்னைப் பாத்து.

நீங்க எந்திரிக்காதீங்க. உங்க டோக்கனைக் கூப்பிட்டா நான் சொல்றேன், இப்படியே உக்காந்திருங்க. நீங்க எந்திரிச்சுப் போனீங்கன்னா நான் மறுபடியும் டீ குடிக்கலாமான்னு கேட்டுருவேன்.

வா கண்ணு. இல்ல, மருந்துச் சீட்டு அப்பறம் வாங்கிக்கலாம். நான் சாப்பிட்டேன், சாப்பிட்டேன். இங்க வந்து பக்கத்துல உக்காரு. இவரு பொள்ளாச்சிக்காரரு. இவரும் கேக்கட்டும்.

தரணி, அன்னைக்கு வெள்ளிக்கெழமை கடையில நீ மிஷின்ல ஏறுனயில்ல? நீ அறுபத்தொண்ணுதான் கண்ணு இருந்தே. எனக்கு அப்பவே தெரியும்.